ஊர்திக்கும் ஓர் அளவு



இல்லறத்தில் நின்று அறம் காக்கும் சாவகர்க்குரிய நோன்புகளை வகுத்தருளிய ஆசாரிய சமந்தபத்திரர், தமது இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் போகோபபோக பரிமாண விரதத்தை விளக்குமிடத்து, காலவரையறையுடன் அளவு செய்துகொள்ள வேண்டியவற்றை வரிசைப்படுத்துகின்றார். அவ்வரிசையில் முதலில் நிற்பது உணவு. அதற்கு அடுத்தபடியாக, படுக்கைக்கும் நீராட்டுக்கும் பூச்சுக்கும் பூவுக்கும் முன்னதாக நிற்பது ஊர்தி. உண்பதற்கு அடுத்து மனிதனின் ஆசை ஊர்வதன் மீதே ஓடும் என்பதை அப்பெருமகனார் நன்கு உணர்ந்திருந்தார் போலும். அக்காலத்து ஊர்திகள் குதிரையும் யானையும் தேரும் சிவிகையும் ஆகும். இக்காலத்து ஊர்தியோ, மண்ணுக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் உறங்கிய எண்ணெயை எரித்து ஓடுகின்றது. ஊர்தி மாறிற்று, அதற்கு அளவு செய்ய வேண்டிய கடமை மாறவில்லை.

தனி மனிதன் தன் நுகர்ச்சிக்கு அளவு செய்துகொண்டால் அது நோன்பு. ஒரு நாடு தன் ஊர்திகளின் நுகர்ச்சிக்கு அளவு செய்தால் அது சட்டம். அத்தகைய சட்டமொன்றை அமெரிக்க ஐக்கிய நாடு 1975 ஆம் ஆண்டில் இயற்றியது. ஒரு கார் குறிப்பிட்ட எரிபொருளைக் கொண்டு இத்தனை தொலைவாவது ஓட வேண்டும் என்பதே அச்சட்டத்தின் சாரம். அந்த அளவை உயர்த்துவதா, உள்ளபடியே நிறுத்துவதா, தாழ்த்துவதா என்று அந்நாட்டார் ஐம்பது ஆண்டுகளாக வழக்காடி வருகின்றனர். கடல் கடந்த நாட்டின் வழக்கு நமக்கு எதற்கு என்று எண்ணுதல் வேண்டா. புகைக்கு நாட்டெல்லை கிடையாது. அன்றியும், ஒரு நோன்பு எவ்வாறு பிறக்கின்றது, எவ்வாறு பயன் தருகின்றது, அதில் எவ்வாறு ஓட்டை விழுகின்றது என்பவற்றை இவ்வழக்கைப் போல் தெளிவாகக் காட்டும் உலகியல் வரலாறு வேறொன்று காண்பது அரிது.

நெருக்கடியில் பிறந்த அளவு

1973 அக்டோபரில், இஸ்ரேலுடன் நிகழ்ந்த போரை ஒட்டி அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. சில மாதங்களுக்குள் ஒரு பீப்பாய் எண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. பெட்ரோல் நிலையங்களின் முன் கார்கள் நீண்ட வரிசையில் காத்துக் கிடந்தன. நெடுஞ்சாலைகளில் மணிக்கு 55 மைலுக்கு மேல் செல்லலாகாது என்று 1974 இல் நாடு முழுமைக்கும் வேகவரம்பு விதிக்கப்பட்டது. அக்காலத்தில் அங்கு விற்பனையான புதிய கார் ஒரு கேலன் பெட்ரோலில் சராசரியாக 13 மைல் அளவே ஓடியது. நம் கணக்கில் சொன்னால், லிட்டருக்கு ஐந்தரை கிலோமீட்டர்.

இந்நிலையில், 1975 டிசம்பர் 22 அன்று அந்நாட்டுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டு எரிசக்திக் கொள்கை மற்றும் சிக்கனச் சட்டத்தில் கையொப்பமிட்டார். ஒவ்வொரு நிறுவனமும் ஓராண்டில் விற்கும் கார்கள் அனைத்தையும் சேர்த்துச் சராசரி காண வேண்டும். அச்சராசரி 1978 ஆம் ஆண்டு மாதிரிகளில் கேலனுக்கு 18 மைலாகவும், 1985 இல் இருபத்தேழரை மைலாகவும் இருத்தல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. லிட்டருக்கு ஏறத்தாழ எட்டு கிலோமீட்டரில் தொடங்கிப் பன்னிரண்டை நெருங்க வேண்டும் என்பது இதன் பொருள். அளவு தவறிய நிறுவனம், விற்ற வண்டியின் எண்ணிக்கைக்கு ஏற்பத் தண்டம் கட்ட வேண்டும்.

இவ்விடத்தில் ஒன்றைக் கருதிப் பார்க்க வேண்டும். இந்த அளவு துறவு மனத்தால் பிறந்ததன்று, தட்டுப்பாட்டால் பிறந்தது. பொருள் கிட்டாதபோது அடங்கியிருப்பவனை நோன்பி என்று நாம் சொல்வதில்லை. எனினும் அச்சத்தால் தொடங்கிய ஒழுக்கமும் நாளடைவில் அறிவால் உறுதிப்படுமாயின் அதனை இகழ வேண்டுவதில்லை. அது உறுதிப்பட்டதா என்பதே கேள்வி.

அளவால் விளைந்த நன்மை

பயன் விளைந்தது என்பதில் ஐயமில்லை. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி, புதிய ஊர்திகள் சாலையில் மெய்யாக ஓடும் தொலைவின் சராசரி 1975 இல் கேலனுக்கு 13 மைலாக இருந்தது, 1987 இல் 22 மைலாக உயர்ந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் இவ்வளவு ஏற்றம். 2002 ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தேசிய அறிவியல் கழகத்தின் குழு இச்சட்டத்தை ஆராய்ந்து அறிக்கை தந்தது. ஊர்திகள் 1975 ஆம் ஆண்டு நிலையிலேயே நின்றிருந்தால், நாளொன்றுக்கு 28 இலட்சம் பீப்பாய் எண்ணெய் கூடுதலாகச் செலவாகியிருக்கும் என்று அக்குழு கண்டது. பீப்பாய்க்கு 159 லிட்டர் என்று பெருக்கினால், ஒரு நாளைக்கு 44 கோடி லிட்டருக்கு மேல் எரியாமல் நின்றது. விலையேற்றமும் இதற்குத் துணை நின்றது எனினும், சட்டத்தின் பங்கை அக்குழு மறுக்கவில்லை.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளிப்படுகின்றது. எண்ணெயில் உள்ள கரி காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடுவதால், எரிந்த பொருளைக் காட்டிலும் எழுந்த புகையின் எடை மிகுகின்றது. தீயுடல் உயிர்களும் காற்றுடல் உயிர்களும் உள என்று கொள்ளும் நம் மரபினருக்கு, எரியாமல் நின்ற நாற்பத்து நான்கு கோடி லிட்டரின் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அனர்த்த தண்டம் எனப்படும் பயனில் தீமைகளுள் பிரமாத சரியை என்பது ஒன்று. வீணே மண்ணைக் கிண்டுதல், வீணே நீரைச் சிதறுதல், வீணே தீ மூட்டுதல், வீணே காற்றை அலைத்தல், வீணே அலைதல், பிறரையும் அலையச் செய்தல் ஆகியன அதன்பாற் படும். வேண்டாத எடையைச் சுமந்துகொண்டு வேண்டாத தொலைவு ஓடும் எந்திரம் இவற்றுள் பலவற்றை ஒருங்கே செய்கின்றது.

பின்வாசல் திறந்த கதை

இத்துணைப் பயன் தந்த அளவு பின்னர் என்ன ஆயிற்று? சுற்றுச்சூழல் முகமையின் அதே கணக்குப்படி, 1987 இல் 22 மைலாக இருந்த சராசரி 2004 இல் 19 மைலாக இறங்கியது. எந்திரக் கலை பின்னடையவில்லை. அந்த ஆண்டுகளில் அது பெரிதும் வளர்ந்தது. சட்டமும் நீக்கப்படவில்லை. பின் எவ்வாறு இறங்கிற்று?

விடை இதுதான். 1975 இல் சட்டம் இயற்றியபோது, உழவரும் தச்சரும் பண்டம் ஏற்றிச் செல்லும் சிறு சரக்கு வண்டிகளுக்கு இரக்கம் காட்டி, அவற்றைத் தனி வகுப்பாக்கி, குறைந்த அளவை வைத்தனர். அன்று அவ்வகை வண்டிகள் மொத்த உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கே. இரக்கம் நியாயமானதுதான். ஆனால் நிறுவனத்தார் அந்த வாசலைக் கண்டுகொண்டனர். குடும்பத்தோடு செல்லும் பெரிய வண்டிகளையும், உயர்ந்த சக்கரங்களோடு மலையேறும் வண்டிகள் போல் தோன்றுவனவற்றையும் செய்து, அவற்றைச் 'சிறு சரக்கு வண்டி' என்ற பெயரில் பதிந்தனர். கார்களுக்கு இருபத்தேழரை மைல் என்று இருந்தபோது, இவற்றுக்கு 1996 முதல் 2004 வரை 20.7 மைலே போதுமானதாயிருந்தது. கிறைஸ்லர் நிறுவனத்தின் பி.டி. குரூசர் என்னும் சிறிய வண்டியும் சரக்கு வண்டியாகவே எண்ணப்பட்டது. சுபாரு நிறுவனம் 2005 ஆம் ஆண்டு மாதிரியில் தன் அவுட்பேக் காரின் அடித்தளத்தைச் சற்றே உயர்த்தி அதனையும் அவ்வகுப்பில் சேர்த்தது. சுமையோடு சேர்த்து 3,855 கிலோவைத் தாண்டும் மிகப் பெரிய வண்டிகளுக்கோ அக்காலத்தில் அளவே இல்லை. மிகுதியாக எரிப்பதே அளவிலிருந்து விடுதலை பெறும் வழியாயிற்று.

வேறொரு வாசலும் உண்டு. தாவர எரிசாராயம் மிகுதியாகக் கலந்த எரிபொருளிலும் ஓடவல்ல கார்களுக்குச் சலுகைக் கணக்குத் தருவதென்று 1988 இல் ஒரு சட்டம் வந்தது. அவை பாதி நேரம் அவ்வெரிபொருளில் ஓடுவதாகப் பாவித்துக் கணக்கிடப்பட்டன. மெய்யில் அவற்றுள் பெரும்பாலானவை பெட்ரோலிலேயே ஓடின. அவ்வெரிபொருளை விற்கும் நிலையங்கள் மிகச் சிலவே. செய்யாத உபவாசத்துக்குப் பாரணை வைத்தது போன்றது இது.

2014 இல் ஹூண்டாய், கியா நிறுவனங்கள், தம் கார்கள் ஓடும் தொலைவை மிகைப்படுத்திக் கூறிய வழக்கில் பத்துக் கோடி டாலர் தண்டம் செலுத்த இசைந்தன. கள்ளாமை நோன்பின் அதிசாரங்களுள், அளவையிலும் நிறையிலும் கூட்டியும் குறைத்தும் ஏமாற்றுதல் என்பது ஒன்று என்பதை நாம் படித்திருக்கின்றோம். மரக்காலும் தராசும் இருந்த இடத்தில் இப்போது மைல் கணக்கு வந்துள்ளது.

அன்பர்களே, அதிசாரம் என்பது நோன்பை வெளிப்படையாக முறிப்பதன்று. நோன்பின் சொல்லைக் காத்துக்கொண்டு அதன் கருத்தை நழுவ விடுவதே அதிசாரம். திசை வரையறை நோன்பில் இரண்டு அதிசாரங்களைச் சிறப்பாக நினைவு கூரலாம். ஒன்று, வரைந்த எல்லையை ஆசையால் விரித்துக்கொள்ளும் க்ஷேத்திர விருத்தி. மற்றொன்று, வரைந்த எல்லையையே மறந்து விடுதல். இவ்விரண்டும் அந்நாட்டுச் சட்டத்தில் அப்படியே நிகழ்ந்தன. வகுப்பின் எல்லை விரிந்தது. பின்னர் எல்லையே மறக்கப்பட்டது: 1995 முதல் 2000 வரை, புதிய அளவுகளை ஆராய்வதற்கு அரசு ஒரு காசும் செலவிடலாகாது என்று ஆண்டுதோறும் காங்கிரஸ் தடை விதித்தது. கார்களுக்குரிய இருபத்தேழரை மைல் அளவு 1990 முதல் 2010 வரை அசையாமல் நின்றது.

இரு பக்கத்து நியாயங்கள்

அளவை உயர்த்த முயன்றவர் இல்லாமல் இல்லை. 1990 இல், குவைத்தை ஈராக் கைப்பற்றிய சில வாரங்களில், நெவாடா மாநிலச் செனட்டர் ரிச்சர்டு பிரையன், கார்களின் அளவைப் படிப்படியாக நாற்பது விழுக்காடு உயர்த்தும் மசோதாவை வாக்கெடுப்புக்குக் கொணர முயன்றார். விவாதத்தை முடிக்க 60 வாக்குகள் தேவை, கிடைத்தவை 57. மூன்று வாக்குக் குறைவால் அது வீழ்ந்தது. 2002 மார்ச்சில் 36 மைலாக உயர்த்தும் முயற்சியைச் செனட் 62 க்கு 38 என்ற வாக்கால் ஒதுக்கியது. எதிர்த்தவர் அனைவரையும் பேராசைக்காரர் என்று நாம் தள்ளிவிடலாகாது. ஒரு பொருளின் பல பக்கங்களையும் நோக்குவதே அநேகாந்தம். எதிர்த்தவர் கூறிய காரணங்கள் மூன்றையும் நேர்மையுடன் எடை போடுவோம்.

முதலாவது, உயிர்ப் பாதுகாப்பு. எரிபொருளைச் சேமிக்கக் காரின் எடையைக் குறைத்தால், மோதலில் உள்ளிருப்பவர்க்கு ஆபத்து மிகும் என்றனர். இது வெறும் சாக்கு அன்று. முன்னர்க் கூறிய 2002 ஆம் ஆண்டு அறிக்கையிலேயே, 1970 களின் பிற்பகுதியிலும் 1980 களின் தொடக்கத்திலும் எடையைக் குறைத்ததால் 1993 ஆம் ஆண்டில் மட்டும் 1,300 முதல் 2,600 வரை கூடுதல் உயிரிழப்புகள் நிகழ்ந்திருக்கக் கூடும் என்று குழுவின் பெரும்பான்மையோர் கருதினர். உறுப்பினர் இருவர் இக்கணிப்பை ஏற்காமல் தனிக் குறிப்பு எழுதினர். கொல்லாமையை முதல் நோன்பாகக் கொண்ட நாம் இதனை எளிதாகக் கடந்து செல்ல முடியாது.

ஆயினும் இங்கே நுணுகி நோக்க வேண்டும். பாரமான வண்டி தன்னுள் இருப்பவரைக் காக்கின்றது. தான் மோதும் சிறிய வண்டியில் இருப்பவர் மீது அந்தப் பாரத்தை இறக்குகின்றது. தன் அச்சத்தைத் தணிக்க ஒருவன் பெரிய வண்டி வாங்கினால், அடுத்தவன் அச்சம் மிகுந்து அதனினும் பெரியதை வாங்குகின்றான். இந்தப் போட்டியில் இருவரும் காக்கப்படுவதில்லை. எரிபொருளைச் சேமிக்க எடைக் குறைப்பு ஒன்றே வழியும் அன்று. எந்திரத்தையும் பற்சக்கர அமைப்பையும் திருத்தியும், காற்றுத் தடையைக் குறைத்தும், மின்கலத்தைத் துணையாக்கியும் சேமிக்க முடியும். இக்குறையை நீக்கவே பின்னாளில், நான்கு சக்கரங்களுக்கு இடைப்பட்ட தரையளவைக் கொண்டு ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனி அளவு வகுத்தனர். இதனால் காரைச் சிறிதாக்கித் தப்பிக்க வேண்டிய தேவை நீங்கியது. ஆனால் தரையளவு பெருகப் பெருக விதி தளர்வதால், பெரிதாக்கித் தப்பிக்கும் வழி திறந்தது. க்ஷேத்திர விருத்தி என்ற சொல் இங்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகின்றது.

இரண்டாவது, தொழிலாளர் வாழ்வு. டெட்ராய்ட் நகரையும் மிச்சிகன் மாநிலத்தையும் நம்பியிருந்த பல்லாயிரம் குடும்பங்களின் ஊதியம் பெரிய வண்டிகளின் விற்பனையில் இருந்தது. அம்மாநிலத்தின் உறுப்பினர் ஜான் டிங்கெல் நெடுங்காலம் அளவு உயர்வை எதிர்த்ததற்கு இதுவே காரணம். தொழிலாளர் சங்கமும் அவருடன் நின்றது. ஒருவரின் பிழைப்பைக் கெடுத்து வரும் நன்மையை அறம் என்று அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது. ஆனால் பின்னர் நிகழ்ந்தது என்ன? 2008 கோடையில் பெட்ரோல் விலை கேலனுக்கு நான்கு டாலரைக் கடந்தபோது பெரிய வண்டிகளை வாங்குவார் குறைந்தனர். அடுத்த ஆண்டே ஜெனரல் மோட்டார்சும் கிறைஸ்லரும் திவால் மனுச் செய்தன. பிற காரணங்களும் உண்டு எனினும், எரிபொருள் மலிவாகவே இருக்கும் என்ற நம்பிக்கையின் மீது எழுப்பிய தொழில் அந்நம்பிக்கையோடு சாய்ந்தது மெய். தொழிலாளரைக் காக்க என்று தள்ளிப்போட்ட அளவு, தொழிலாளரைக் காக்கவில்லை.

மூன்றாவது, வாங்குவோர் விருப்பம். 'எவர் எந்த வண்டி வாங்க வேண்டும் என்று அரசு கட்டளையிடலாமா? புதிய கருவிகளால் காரின் விலை ஏறினால் எளியவர் என் செய்வார்? எரிபொருள் மீது வரியை உயர்த்தினால் மக்கள் தாமே சிக்கனம் கற்பர்' என்றனர். விலை ஏற்றம் என்பது மெய்யான இடர்தான். ஆனால் காரை ஒரு முறை வாங்குகின்றோம். பெட்ரோலை வாரந்தோறும் வாங்குகின்றோம். பழைய காரை வாங்கும் எளியவர், முன்னவர் தேர்ந்த எந்திரத்துக்கே ஆண்டுக்கணக்கில் தீனி போட வேண்டியவர் ஆகின்றார். வரி நல்ல வழி என்று பொருளியல் அறிஞர் பலர் கூறுகின்றனர். ஆயினும் அந்நாட்டு நடுவண் அரசின் பெட்ரோல் வரி 1993 முதல் கேலனுக்கு 18.4 சென்ட் என்ற அளவிலேயே நிற்கின்றது. வரியைக் காட்டி அளவைத் தடுத்தவர், வரியையும் உயர்த்த முன்வரவில்லை. ஒரு நோன்பை ஏற்காதிருக்க மற்றொரு நோன்பைப் புகழ்வது மனத்தின் பழைய தந்திரம்.

ஏற்றமும் இறக்கமும்

2007 டிசம்பரில் தலைவர் ஜார்ஜ் புஷ் கையொப்பமிட்ட சட்டம், கார்களையும் சிறு சரக்கு வண்டிகளையும் சேர்த்து 2020 க்குள் 35 மைல் என்ற குறியை வைத்தது. நெடுங்காலம் எதிர்த்த டிங்கெல் அம்முறை இசைந்தார். 2012 இல் ஒபாமா அரசு 2025 க்குள் 54.5 மைலை எட்டும் திட்டத்தை வகுத்தது. 2020 இல் டிரம்ப் அரசு அந்த ஏற்றத்தை ஆண்டுக்கு ஒன்றரை விழுக்காடாகத் தளர்த்தியது. 2022 இல் பைடன் அரசு மீண்டும் இறுக்கியது. 2024 ஜூனில், 2031 க்கு 50.4 மைல் என்று விதித்தது. 2025 ஜூலையில் இயற்றப்பட்ட சட்டம், அளவு தவறுவோர்க்கான தண்டத்தைச் சுழியமாக்கியது. 2025 டிசம்பரில், 2031 ஆம் ஆண்டுக்குரிய அளவை 34.5 மைலாகத் தாழ்த்தும் முன்மொழிவை டிரம்ப் அரசு வெளியிட்டது. கார் விலை குறையும் என்பது அதற்குக் கூறிய காரணம். எரிபொருள் செலவும் புகையும் மிகும் என்பது எதிர்ப்பவர் விடை.

இவை ஆய்வுக்கூடச் சோதனையை அடிப்படையாகக் கொண்ட கணக்குகள். சாலையில் கிட்டுவது இதனினும் குறைவு. 2023 ஆம் ஆண்டுப் புதிய வண்டிகள் மெய்யாக ஓடியது சராசரியாகக் கேலனுக்கு 27 மைல், அதாவது லிட்டருக்குப் பதினொன்றரை கிலோமீட்டர்.

தண்டம் சுழியம் என்றால் என்ன பொருள்? விதி ஏட்டில் நிற்கும். தவறினால் ஒன்றும் நேராது. பிராயச்சித்தம் இல்லாத விரதம் எத்தன்மையது என்பதை நம் பெரியோர் நன்கறிவர். நான்கு ஆண்டுக்கு ஒரு முறை இறுகியும் தளர்ந்தும் வரும் அளவை நம்பி எந்த நிறுவனமும் நெடுநோக்கோடு தொழில் செய்ய இயலாது. ஒரு புதிய எந்திரத்தை வரைந்து, சோதித்து, ஆலையில் வார்த்தெடுக்கப் பல ஆண்டுகள் ஆகும். காலையில் எடுத்த நோன்பை மாலையில் மாற்றுபவனுக்கு நோன்பின் துன்பம் மட்டுமே கிட்டும்; பயன் கிட்டாது.

அளவு எதற்கு?

இந்த வரலாற்றில் மற்றோர் உண்மையும் மறைந்து கிடக்கின்றது. 1981 இல் அந்நாட்டுப் புதிய வண்டியின் சராசரி ஆற்றல் ஏறத்தாழ 100 குதிரைத்திறன்; எடை 1,450 கிலோ. 2022 இல் ஆற்றல் 250 குதிரைத்திறனைத் தாண்டிற்று. எடை 1,950 கிலோ ஆயிற்று. வண்டியில் ஏறுபவரின் எடை அவ்வாறு பெருகிவிடவில்லை. அவர் செல்லும் அலுவலகமும் கடையும் இடம் பெயர்ந்து விடவில்லை. எந்திரக் கலைஞர் அரிதின் முயன்று ஈட்டித் தந்த சேமிப்பில் பெரும்பகுதியை வேகத்துக்கும் பருமனுக்கும் செலவிட்டு விட்டனர். அன்றியும், மைலுக்கு ஆகும் செலவு குறைந்தால் மக்கள் சற்று மிகுதியாகவே ஓட்டுகின்றனர். இவ்வாறு சேமிப்பில் பத்து முதல் இருபது விழுக்காடு வரை திரும்பக் கரைந்து விடுவதாக 2002 ஆம் ஆண்டு அறிக்கை கூறியது.

சமந்தபத்திரர் பொருள் வரைதல் நோன்புக்குக் கூறிய ஐந்து அதிசாரங்களை இங்கு எண்ணிப் பாருங்கள். அதிவாகனம், அதிசங்கிரகம், விஸ்மயம், லோபம், அதிபார வகனம். ஊர்தியை அளவு மீறிக் கொள்ளுதலும் ஓட்டுதலும், அளவு மீறிச் சேர்த்தல், பிறர் செல்வம் கண்டு வியந்து ஏங்குதல், பேராசை, அளவு மீறிப் பாரம் ஏற்றுதல். அண்டை வீட்டான் வண்டியைக் கண்டு வியந்து, அதனினும் பெரியதை விரும்பி, ஒருவர் செல்வதற்கு இரண்டாயிரம் கிலோவை இழுத்துச் செல்லும் இக்கால வாழ்வில் இவை ஐந்தும் ஒரே வாசலில் வந்து நிற்கின்றன.

ஆதலால் சட்டத்தால் பயனில்லை என்று சிலர் முடிவு கட்டுவர். அது பிழை. எரியாமல் நின்ற எண்ணெய் எரியாமல் நின்றதே. தனி மனிதர் ஒவ்வொருவராக நல்லறிவு பெறும் வரை காற்று காத்திருக்காது. மற்றொரு சாரார், சட்டம் இருக்கின்றது, நாம் ஒன்றும் செய்ய வேண்டுவதில்லை என்பர். அதுவும் பிழை. சட்டம் எந்திரத்தின் பசியை அளக்கின்றது. ஏறி அமர்பவனின் பசியை அளப்பதில்லை. வெளியே வேலி வேண்டும்; உள்ளே அடக்கம் வேண்டும். வேலியின்றி அடக்கம் சிலர்க்கே கைகூடும். அடக்கமின்றி வேலியில் எந்நாளும் வாசல் திறக்கப்படும். எனவே அளவு உயர வேண்டும், நிலைத்து நிற்க வேண்டும், அதன் பின்வாசல்கள் அடைபட வேண்டும், தவறுக்குத் தண்டம் இருக்க வேண்டும் என்பதே அறத்தின் பக்கம் நின்று நாம் சொல்லத்தக்க தீர்ப்பு. அதனால் இடருறும் தொழிலாளர்க்கும் எளியோர்க்கும் வழி செய்வதும் அத்தீர்ப்பின் பகுதியே.

எளிய கணக்கு ஒன்றும் கேளுங்கள். ஆண்டுக்குப் பத்தாயிரம் மைல் ஓடும் ஒரு வண்டி, கேலனுக்குப் பத்து மைலிலிருந்து இருபது மைலுக்கு உயர்ந்தால் 500 கேலன் மிச்சமாகும். ஏற்கெனவே இருபத்தைந்து மைல் ஓடும் வண்டி ஐம்பதுக்கு உயர்ந்தாலும் 200 கேலனே மிச்சம். மிகுதியாக எரிப்பதைத் திருத்துவதில்தான் மிகுதியான நன்மை உண்டு என்பது இதன் பொருள். பெரிய வண்டிகளுக்குச் சலுகை தந்த சட்டம், நன்மை மிகுந்த இடத்தையே கைவிட்டது.

நம் நாட்டிலும் இவ்வகை விதி 2017 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. நிறுவனத்தின் கார்கள் சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடும் கரியமில வாயு முதற்கட்டத்தில் 130 கிராம் என்றும், 2022 முதல் 113 கிராம் என்றும் வகுக்கப்பட்டது. இங்கு எடையைப் பொறுத்து அளவு மாறுகின்றது. எடை மிகுந்தால் விதி தளர்கின்றது. பிறர் வீட்டில் திறந்த வாசல் நம் வீட்டிலும் இருக்கின்றது என்பதை நாம் அறிந்துகொள்ளல் நலம்.

நாம் மேற்கொள்ளத்தக்கது

ஆசாரியர் இந்நோன்பை இரு வகையாகப் பிரித்தார். வாழ்நாள் முழுமைக்கும் கொள்வது யமம். கால எல்லை வைத்துக் கொள்வது நியமம். இன்றைக்கு, ஒரு பகலுக்கு, ஓர் இரவுக்கு, ஒரு பட்சத்துக்கு, ஒரு மாதத்துக்கு, ஒரு பருவத்துக்கு, ஓர் அயனத்துக்கு என்று எளியோரும் ஏற்கும் வண்ணம் படிகள் அமைத்தார். ஊர்திக்கு அவர் வைத்த இடம் இந்த நியமத்திலேயே உள்ளது.

ஆகவே வருகின்ற மழைக்கால நான்கு மாதங்களுக்கு மட்டும் ஒரு நியமம் கொள்வோம். நடந்து செல்லும் தொலைவுக்கு வண்டி எடுப்பதில்லை. பட்சத்துக்கு ஒரு நாள் சொந்த வண்டியைத் தொடுவதில்லை. வாரத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று முன்னரே குறித்துக்கொண்டு, அதை மீறின் மறுவாரத்தில் கழித்துக்கொள்வோம். புதிய வண்டி வாங்குவோர், எத்துணைப் பெரியது என்று கேட்கும் முன் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்போம். குறித்த அளவை ஒரு தாளில் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டி வைப்போம். எல்லையை மறந்து போதலும் ஓர் அதிசாரம் அல்லவா?

ஒரு பெரும் நாடு, ஆற்றலும் அறிவும் செல்வமும் உடைய நாடு, தன் ஊர்திக்கு ஓர் அளவு வகுத்து அதைக் காக்க இயலாமல் ஐம்பது ஆண்டுகளாகத் தடுமாறுகின்றது. அத்தடுமாற்றத்தை எள்ளி நகையாட நமக்குத் தகுதி இல்லை. அதே ஆசைதான் நம் வாசலிலும் நிற்கின்றது. அளவு வகுப்பது ஒரு நாளில் முடியும். அதில் நாமே திறக்கும் வாசல்களை நாள்தோறும் அடைப்பதுதான் நோன்பு.

அறம் வளர்க! அனைத்துயிரும் இன்புறுக!